வயல் மூலையில் நெல் கருகுகிறது, உமரி தளதளக்கிறது: ஒரே மண்ணில் இது எப்படி?

கடைமடையான் (தலைஞாயிறு பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். சம்பா, நேரடி விதைப்பு. வயலின் கிழக்கு மூலையில், வடிகாலை ஒட்டினாற்போல் ஏறக்குறைய இரண்டு மா (முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு) நிலத்தில் ஆண்டுதோறும் ஒரே தொல்லை. முளைப்பில் குறை சொல்ல முடியாது. மூன்றாவது இலை விடும் நேரத்தில் அடி இலைகளின் நுனி வெளுத்துச் சுருள ஆரம்பிக்கிறது. குருத்து மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்து, பிழைத்துக்கொள்ளும் என்று நாமும் நம்பிக்கொண்டிருப்போம். மழை தள்ளிப்போனால் அதுவும் போய்விடும். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மண் மேல் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கிறது.

அதே மூலையில், அதே வரப்போரம், உமரி கொழுகொழுவென்று படர்ந்திருக்கிறது. யாரும் விதைக்கவில்லை, ஒரு பிடி உரம் போடவில்லை. பிடுங்கிப் போட்டால் அடுத்த மாதம் திரும்ப வந்துவிடுகிறது.

இரண்டும் செடிதானே? ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். உமரிக்குத் தெரிந்தது நெல்லுக்கு ஏன் தெரியவில்லை? உரக்கடையில் கேட்டால் ஜிப்சம் போடு என்கிறார்கள். போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

கழிமுள்ளி (நாகப்பட்டினம், தாவரவியல் ஆசிரியை)

ஐயா, ஜிப்சம் பற்றி மண் தெரிந்தவர்கள் சொல்லட்டும். செடி பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

உப்பு செடியை இரண்டு விதமாக அடிக்கிறது. முதல் அடி, தாகம். நறுக்கிய நார்த்தங்காயில் உப்பைத் தூவி வைத்தால் சிறிது நேரத்தில் நீர் விட்டுத் துவண்டுவிடுகிறதல்லவா, உவர் மண்ணில் வேருக்கும் அதுதான் நடக்கிறது. வயலில் தண்ணீர் நின்றாலும் வேரால் உறிஞ்ச முடியாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதிலிருந்து தண்ணீரைப் பிரித்து இழுக்க 25 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வேண்டும். உங்கள் வயலில் அந்த அளவு உப்பு இருக்காது. ஆனால் நெல் தடுமாற அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

இரண்டாவது அடி, நஞ்சு. இது மெல்ல வரும். சோடியமும் பொட்டாசியமும் குணத்தில் நெருங்கிய உறவு. பொட்டாசியம் நுழையும் வழிகளில் சோடியமும் புகுந்துவிடும். செல்லுக்குள் நொதிகள் வேலை செய்யப் பொட்டாசியம் வேண்டும். அந்த இடத்தைச் சோடியம் பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும். நீங்கள் பார்த்த அடி இலை நுனிக் கருகல் இந்த இரண்டாவது அடிதான். உள்ளே வந்துவிட்ட உப்பை நெல் முடிந்தவரை பழைய இலைகளுக்கும் இலையுறைக்கும் தள்ளிவிட்டுக் குருத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது. குருத்து பச்சையாக நிற்பதன் காரணம் அதுதான். பழைய இலைகள் சாகும் வேகம் புதிய இலைகள் வரும் வேகத்தைத் தாண்டிவிட்டால் பயிர் முடிந்தது.

உமரி என்ன செய்கிறது? உப்பைத் தடுப்பதே இல்லை. வேண்டிய மட்டும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. நாளைக்குப் போகும்போது ஓர் இலையைக் கிள்ளி நகத்தால் அழுத்திப் பாருங்கள். தட்டையான இலையாக இருக்காது, உருண்டு திரண்டு இருக்கும். உள்ளிருந்து சொட்டும் சாறு கரிக்கும். அந்தத் தசைப்பற்று முழுவதும் தண்ணீர்தான். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் குமிழி ஒன்று இருக்கிறது. பாடப் புத்தகத்தில் நுண்குமிழி என்று போட்டிருக்கும். சோடியத்தையும் குளோரைடையும் அதற்குள் இறைத்து அடைத்துவிடுகிறது. செல்லின் மற்றப் பகுதியில், வேலை நடக்கும் இடத்தில், உப்பு குறைவு. அப்படியானால் குமிழிக்குள் இருக்கும் உப்பு பக்கத்துப் பகுதியின் நீரை இழுத்துவிடாதா? இழுக்கும். அதைச் சமன் செய்யத்தான் அந்தப் பக்கத்துப் பகுதியில் கிளைசின் பீட்டைன் என்ற பொருளைத் தயாரித்து நிரப்பி வைக்கிறது. நீரைப் பிடித்து வைக்கும், நொதிகளுக்குத் தீங்கு செய்யாது.

கிளைசின் பீட்டைன் சும்மா வருவதில்லை. ஒவ்வொரு மூலக்கூறிலும் நைட்ரஜன் இருக்கிறது. உப்பை இறைப்பதற்கும் ஆற்றல் வேண்டும். உப்பில் வாழும் எந்தச் செடியானாலும் இப்படி ஏதாவது ஒரு செலவைச் செய்துகொண்டேதான் வாழ்கிறது. இந்த விவாத இழை எப்படியும் அந்த இடத்துக்குத் திரும்ப வரும் என்பதால் முன்னாலேயே சொல்லி வைக்கிறேன்.

குடந்தைச் சந்தேகி

டீச்சர் சொன்னது புரிகிறது. ஒரு குறுக்குக் கேள்வி. இவ்வளவு செலவு என்றால் உமரி ஏன் எங்கள் கும்பகோணம் பக்கம் வந்து வண்டல் மண்ணில் சுகமாக இருக்கக் கூடாது? உப்பு அதற்குப் பிடித்திருக்கிறதா, வேறு போக்கிடம் இல்லையா?

கழிமுள்ளி

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். உமரி வகைகளும், கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரமும் முழு நன்னீரைவிட ஓரளவு உப்பு கலந்த நீரில் நன்றாகவே வளர்கின்றன. கடல்நீரில் கால் பங்கு முதல் பாதி வரை உப்பு இருந்தால் அவற்றுக்கு வசதி. ஆனால் நன்னீரில் வளர்க்க முடியாது என்பதில்லை, தொட்டியில் வளரும். உங்கள் வண்டலில் அவை நிற்க முடியாததற்குக் காரணம் மண் அல்ல, கோரையும் அருகும்தான். மெதுவாக வளரும் செடியை அவை ஒரு பருவத்தில் மூடிவிடும். போட்டியாளர் வர முடியாத இடத்தில் குடியேறிவிட்டால் மெதுவாக வளர்வதில் தவறில்லை.

கடல்நீரில் பாதிக்கும் குறையாத உப்பில் முளைத்து, பூத்து, விதை விடக்கூடியவை உலகத்துப் பூக்கும் தாவரங்களில் நூற்றுக்கு ஒன்று அளவுக்குக்கூட வராது. அத்தனை பேரால் முடியாத வேலை இது.

லகூன் படகு (முத்துப்பேட்டை)

அக்கா அலையாத்தி பற்றிச் சொன்னதால் நானும் வருகிறேன். எங்கள் காட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அலையாத்தி மரம்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் படகில் போகும்போது இலையைப் பறித்து நக்கிப் பார்ப்பார்கள். காலையில் இலையின் மேற்புறத்தில் சின்னச் சின்னத் துளிகளாக ஈரம் இருக்கும். பனி என்று நினைப்பார்கள். வெயில் ஏற ஏற அது காய்ந்து, விரலால் தடவினால் நறநறவென்று படிகம் ஒட்டும். இலையின் அடிப்புறம் எப்போதும் சாம்பல் வெள்ளை. அது உப்பு அல்ல, நுண்ணிய மயிர். பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மழை பெய்த மறுநாள் நக்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, கழுவிக்கொண்டு போயிருக்கும்.

சுற்றுலா வருகிறவர்களுக்கு நான் சொல்வது, மரம் உப்பை வியர்க்கிறது என்று. சரியா அக்கா?

கழிமுள்ளி

சுற்றுலாவுக்குப் போதும் தம்பி. ஆனால் வியர்வைக்கு முன்னால் நடப்பதுதான் பெரிய வேலை. இலைச் சுரப்பிகள் வெளியேற்றுவது மிச்சம் மீதியைத்தான். அலையாத்தியின் வேரே கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை உள்ளே விடாமல் நிறுத்திவிடுகிறது. தப்பி வந்த பத்தில் ஒரு பங்கைத்தான் இலை சுரந்து தள்ளுகிறது.

பிச்சாவரத்தில் நிறைய இருக்கும் சுரபுன்னைக்கு இந்தச் சுரப்பியே கிடையாது. அது வேரிலேயே நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை நிறுத்திவிடும். வேரின் புறத்திலும் நடுவிலும் மெழுகு போன்ற பொருள் படிந்த அடுக்குகள் இருக்கின்றன. தண்ணீர் செல்களின் சவ்வு வழியாகத்தான் போக முடியும், சந்து வழியாக நழுவ முடியாது. தண்ணீரை இழுப்பது இலையிலிருந்து வரும் உறிஞ்சு விசை. 1965-இல் ஷோலாண்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அழுத்தக் கலம் என்ற கருவியைக் கொண்டு இதை அளந்தார்கள். அலையாத்தி, சுரபுன்னை போன்ற கண்டல் மரங்களின் கிளையில் இருக்கும் நீர் 30 முதல் 60 வளிமண்டலம் அளவுக்கு இழுபட்ட நிலையில் இருப்பதாகத் தெரிந்தது. கடல்நீரின் 25-ஐ வெல்ல அது போதும். இன்றைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் பம்பு வைத்துச் செய்வதை இந்த மரங்கள் சத்தமில்லாமல் செய்கின்றன.

இங்கும் செலவு உண்டு. அவ்வளவு இழுவிசையில் தண்ணீர்க் குழாய் அகலமாக இருந்தால் நடுவில் காற்றுக் குமிழி புகுந்து நீரோட்டம் அறுந்துவிடும். ஆகவே குழாய்கள் குறுகல். குறுகிய குழாயில் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும். தண்ணீர் மெதுவாக ஏறினால் வளர்ச்சியும் மெதுவாகத்தான்.

கொள்ளிடக்கரை (சிதம்பரம்)

பிச்சாவரம் பேச்சு வந்ததால் நுழைகிறேன். எங்கள் ஊர்க்கோயிலுக்குத் தலமரம் தில்லை. அதுவும் உப்பு மரம்தான். ஆனால் சுரப்பியும் இல்லை, தசைப்பற்று இலையும் இல்லை. பால் மட்டும் இருக்கிறது, கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று பெரியவர்கள் பக்கத்தில் விடமாட்டார்கள். இலை சிவந்து கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். உப்பை இலையோடு கழற்றி எறிகிறது என்று ஒரு வழிகாட்டி சொன்னார். உண்மையா?

கழிமுள்ளி

அப்படித்தான் வெகுகாலம் எழுதி வந்தார்கள். நானும் வகுப்பில் அப்படியே சொல்லிக் கேட்டவள்தான். இலை உதிரும்போது அதிலுள்ள உப்பும் போகிறது, மறுக்க முடியாது. ஆனால் சாகப்போகும் இலைக்குள் உப்பைப் பிரத்தியேகமாகத் திணித்து அனுப்புகிறதா என்று கண்டல் மரங்களில் அளந்து பார்த்தவர்கள், மஞ்சள் இலையில் இருப்பது முற்றிய பச்சை இலையில் இருப்பதைவிடப் பெரிதாகக் கூடவில்லை என்கிறார்கள். தில்லையும் வேரிலேயே பெரும்பங்கை நிறுத்துகிறது. இலை உதிர்ப்பது துணை வேலை.

குடந்தைச் சந்தேகி

சரி, இப்போது எனக்கு வேண்டிய இடத்துக்கு வருகிறேன். உமரி உப்பை உள்ளே இழுத்து அடைக்கிறது என்றீர்கள். அப்படியானால் கடைமடை ஐயா அந்த மூலையில் உமரியையே பயிர் செய்து, அறுத்து வெளியே கொட்டிவிட்டால் இரண்டு மூன்று ஆண்டில் மண் நல்லதாகிவிடாதா? இணையத்தில் இப்படி வீடியோ வீடியோவாக வருகிறது.

பழைய மண்வெட்டி (ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர், திருத்துறைப்பூண்டி)

வீடியோக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தால் பேசியிருக்க மாட்டார்கள். நான் போடுகிறேன்.

அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட கணக்குப்படி உமரியும், வங்கராவசி என்ற இன்னொரு உப்புச் செடியும் தனித்தனியே நான்கு மாதத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோ உப்பை எடுத்தன. கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஹெக்டேர், ஓர் அடி ஆழம், ஏறக்குறைய 4,000 டன் மண். களிமண் நிறைவாக நனைந்தால் அதில் பாதி எடை அளவு தண்ணீர் பிடிக்கும், அதாவது 2,000 டன். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 8 டெசிசீமன்ஸ் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு. மொத்தம் 10 டன். உமரி எடுப்பது அதில் இருபதில் ஒரு பங்கு.

இன்னும் கேளுங்கள். லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள போர்த் தண்ணீரை ஒரு போகத்துக்கு 1,000 மில்லிமீட்டர் பாய்ச்சினால் ஹெக்டேருக்குப் புதிதாக 10 டன் உப்பு வந்து இறங்குகிறது. உமரி அரை டன் எடுக்கும், போர்வெல் பத்து டன் கொட்டும். வடிகாலைச் சரி செய்யாமல் உமரியை நம்புவது வீண் வேலை. வடிகால் சரியாக இருந்தால் ஒரு நல்ல ஐப்பசி மழை உமரி பல ஆண்டில் எடுப்பதை ஒரு வாரத்தில் கழுவிவிடும்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கடலோரம் முழுவதும் இதைக் கண்ணால் பார்த்தோம். கடல்நீர் ஏறி நின்ற வயல்கள் இனி தேறாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2005 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. மணல் கலந்த நிலங்கள் விரைவில் தேறின. தண்ணீர் இறங்காத களிமண் நிலங்கள் பின்தங்கின.

கடைமடையான்

ஐயா, கணக்கு தெளிவாக இருக்கிறது. எங்கள் மூலை அந்தப் பின்தங்கிய வகைதான். கெட்டிக் களி.

உவர்க்காற்று (வேதாரண்யம், உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை)

களி, மணல் என்று வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு வந்தால் ஒரு பக்கம் அகஸ்தியம்பள்ளி உப்பளம், கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்தி. கொஞ்சம் மேற்கே போனால் ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் பக்கம் மணல்மேட்டில் முல்லைத் தோட்டமும் மாந்தோப்பும். முல்லை என்ன உப்புச் செடியா? இல்லை. கடற்காற்று அங்கேயும் அடிக்கத்தானே செய்கிறது என்று பலருக்குச் சந்தேகம்.

மணல்மேட்டில் பெய்யும் மழை நேரே கீழே இறங்கிவிடுகிறது. அடியில் உப்புநீர் இருந்தாலும், நன்னீர் எடை குறைவு என்பதால் அதன் மேல் தங்கி நிற்கிறது. ஆழம் குறைந்த குட்டை தோண்டி அந்த மேல் தண்ணீரை மட்டும் எடுத்து ஊற்றுவார்கள். ஆசைப்பட்டு ஆழமாகப் போர் போட்டவர்கள் உப்புத் தண்ணீரைத்தான் பார்த்தார்கள். கடற்கரை மணலில் படர்கிற அடம்பும், இராவணன் மீசையும் அந்தக் கூட்டம்தான். அவற்றுக்குத் தொல்லை மேலே காற்றில் வரும் உப்பு. வேர் இருப்பது பெரும்பாலும் நல்ல தண்ணீரில். உமரியோடு அவற்றை ஒரே வரிசையில் வைக்கக் கூடாது.

கழிமுள்ளி

மிகச் சரி. என் மாணவர்களைக் கோடியக்கரைக்கு அழைத்துப்போனால் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். சில நூறு அடி தூரத்துக்குள் தரை மட்டம் ஒரு முழம் மாறினால் செடியே மாறிவிடும். தண்ணீர் தேங்கி வற்றும் பள்ளத்தில் பவளப்பூண்டு. அதற்கு இலையே இல்லை, கணுக் கணுவாகத் தண்டு மட்டும், முற்றியதும் சிவந்துவிடும். கொஞ்சம் மேடேறினால் உமரி, இன்னும் ஏறினால் உப்பு தாங்கும் புல், உச்சியில் உலர்காட்டு மரங்கள். மண்ணைச் சோதனைக்கு அனுப்புவதற்கு முன்பே செடியைப் பார்த்து உப்பைக் கணிக்கலாம். ஐயா, உங்கள் மூலையில் நிற்பது இலையுள்ள உமரியா, இலையில்லாத கணுத்தண்டா?

கடைமடையான்

இலையுள்ளதுதான். வரப்புக்கு அந்தப் பக்கம் வடிகால் கரையில் கணுத்தண்டும் இருக்கிறது.

பழைய மண்வெட்டி

அப்படியானால் உப்பு வருவது வடிகாலிலிருந்து. ஓதம், அதாவது கடல் ஏற்றம், வரும்போது வடிகாலில் கடல்நீர் எதிரேறும். உங்கள் வரப்பு கசியும். கதவணை ஒழுங்காக மூடப்படுகிறதா?

கடைமடையான்

பலகை உடைந்து வெகுநாளாகிறது. மனு கொடுத்திருக்கிறோம்.

குடந்தைச் சந்தேகி

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வருவது ஆடி கடந்துதான். வருகிற தண்ணீரிலும் முக்கால் பங்கு நடுவழியில்...

நெறியாளர்

காவிரிப் பங்கீட்டுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே உப்பு மட்டும்.

லகூன் படகு

நெறியாளர் ஐயா மன்னிக்க வேண்டும். தண்ணீரை விட்டுவிட்டு உப்பைப் பேச முடியாது. எங்கள் காட்டில் அலையாத்திக் காய் மழைக்காலத்தை ஒட்டித்தான் முற்றி விழுகிறது. பாமணியாறும் கோரையாறும் வெள்ளம் கொண்டுவந்து லகூன் உப்புக் குறைந்திருக்கும் நாள்களில் விழுந்த காய் கரையேறி வேர் விட்டுவிடும். வெள்ளம் வராத ஆண்டில் காய் மிதந்து மிதந்து அழுகும். பெரிய மரம் எந்த உப்பையும் தாங்கிவிடுகிறது, கன்றுக்குத்தான் ஆகாது.

பிரிட்டிஷ் காலத்திலிருந்தே தொகுதி தொகுதியாக மொத்தமாக வெட்டியதில் நடுக்காட்டில் மண் தாழ்ந்து பள்ளமாகிவிட்டது. அதில் கடல்நீர் புகுந்து வெளியேற வழியில்லாமல் கோடையில் வற்றி, உப்பு கடலைவிட வெகுவாக ஏறி, அலையாத்தியே முளைக்காத பொட்டலாகிவிட்டது. வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் வந்து போக வழி கிடைத்தது, உப்பு கழுவப்பட்டது, அதன் பிறகுதான் கன்று நிலைத்தது. 2018 கஜா புயலில் அந்தக் காடு பட்ட பாடு வேறு கதை.

கழிமுள்ளி

தம்பி சொன்ன கன்று விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். உப்பில் வாழும் செடிகளுக்கும் முளைக்கும் பருவமே பலவீனம். அதனால்தான் சுரபுன்னை விதையைத் தரையில் போடுவதே இல்லை. மரத்தில் இருக்கும்போதே முளைக்க வைத்து, முருங்கைக்காய் நீளத்துக்குத் தொங்கவிட்டு, தாய்மரம் தன் உடம்பில் இருப்பதைவிடக் குறைந்த உப்பையே பிள்ளைக்கு அனுப்பி வளர்த்துவிட்டுத்தான் கீழே விடுகிறது. அலையாத்தியும் காய்க்குள்ளேயே முளைவிட்டுத்தான் விழுகிறது, வெளியே தெரியாது. உமரி விதைகளோ மழை உப்பைக் கழுவும் வரை மண்ணில் காத்திருக்கும். உப்பைத் தாங்கும் திறமையில் பாதி, உப்பு குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் திறமைதான்.

குடந்தைச் சந்தேகி

அலையாத்தியின் மரபணுவை நெல்லில் வைத்து உப்பு நெல் செய்கிறார்கள் என்று நான் பள்ளியில் படிக்கும்போதே செய்தித்தாளில் வந்தது. அந்த நெல் எங்கே? கடைமடை ஐயா ஏன் இன்னும் உமரியைப் பார்த்து ஏங்க வேண்டும்?

கழிமுள்ளி

அந்த ஆய்வும் சுவாமிநாதன் நிறுவனத்தில் நடந்ததுதான். அலையாத்தியிலிருந்து மரபணுக்களைப் பிரித்து நெல்லில் சேர்த்தும் காட்டினார்கள். ஆய்வுக்கூடத்துச் செடி தாங்கியது. ஆனால் விதையாக உழவர் கைக்கு வரவில்லை. மரபணு மாற்றத்துக்கான அனுமதிச் சிக்கல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உப்பைத் தாங்குவது ஒரு மரபணுவின் வேலை அல்ல. வேரில் தடுப்பது, குமிழியில் அடைப்பது, பீட்டைன் தயாரிப்பது, குழாயைக் குறுக்குவது என்று பல வேலைகள் ஒருங்கே நடக்க வேண்டும். அத்தனையும் நெல்லுக்குக் கொடுத்துவிட்டால் அது அலையாத்தி போலவே மெதுவாக வளரும். மா ஒன்றுக்கு எத்தனை மூட்டை என்று கேட்கும் நமக்கு அது ஒத்துவருமா?

நெல்லுக்குள்ளேயே இருக்கும் சரக்கைத் தேடியவர்கள்தான் முன்னேறினார்கள். கேரளத்துப் பொக்காளி நெல்லின் முதலாம் குரோமோசோமில் ஒரு பகுதி உப்புத் தாங்கலுக்கு உதவுகிறது. வங்காளத்து நோனா போக்ரா என்ற நாட்டு நெல்லில் அதே பகுதியிலிருந்து ஒரு மரபணுவை 2005-இல் அடையாளம் கண்டார்கள். வேரிலிருந்து மேலே ஏறும் நீரில் கலந்துவிட்ட சோடியத்தை இலைக்குப் போகும் முன்பே திரும்ப எடுத்துக்கொள்ளும் வேலை அதற்கு. ஒரு மரபணுவால் நெல் உமரியாகிவிடாது. ஆனால் மழை வரும்வரை சில நாள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

2025 மே மாதம் மத்திய அரசு மரபணு திருத்திய நெல் ஒன்றை அறிவித்தது, பூசா டிஎஸ்டி 1. எம்டியு 1010 ரகத்தில் ஒரு மரபணுவை முடக்கி, இலைத்துளைகளைக் குறைத்து, வறட்சியும் உப்பும் தாங்க வைத்ததாகச் சொல்கிறார்கள். வயல் தரவுகளைக் கேள்வி கேட்டு விமர்சனமும் எழுந்தது. நம் கடற்கரைக் களியில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்த பிறகுதான் நான் பேசுவேன்.

பழைய மண்வெட்டி

பொக்காளியைப் பற்றி எல்லாரும் வாய் வலிக்கப் புகழ்கிறார்கள், அதன் பருவத்தைக் கேட்பதில்லை. தென்மேற்குப் பருவமழை வயல் உப்பைக் கழுவிய பிறகு, மேட்டுப் பாத்தியில் முளைக்க வைத்துப் பயிர் செய்கிறார்கள். கடல்நீர் திரும்ப ஏறும் மாதங்களில் அதே வயலில் இறால். டீச்சர் சொன்ன நேரம் பார்க்கும் கணக்கேதான்.

நம் பக்கமும் அப்படித்தான் இருந்தது. குழியடிச்சான், களர்பாலை, உவர்முண்டான் என்று உப்புக்கென்றே வைத்திருந்த நாட்டு ரகங்கள். உயரமாக வளரும், விளைச்சல் குறைவு, வைக்கோல் அதிகம். உயரம் ஒரு நன்மை. உடம்பு பெரிதாக இருந்தால் அதே உப்பு பரவி நீர்த்துவிடும். குட்டை ரகம் வந்ததும் அந்த வசதி போயிற்று. திருச்சி 1, திருச்சி 3, கோ 43 எல்லாம் களர் நிலத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டவை. உங்கள் மூலை களரா உவரா என்று தெரியாமல் ரகம் சொல்ல மாட்டேன். ஜிப்சமும் அதே கதைதான்.

வெள்ளையாகப் பூத்து, உழுதால் பொலபொலவென்று இருந்தால் உவர். தண்ணீர் மேலே நின்று கலங்கியே கிடந்து, காய்ந்தால் பாறையாகி வெடித்தால் களர். களரில் மண் துகளைச் சோடியம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜிப்சத்தின் கால்சியம் அதை விலக்கும், பிறகு தண்ணீர் கட்டி வடித்துவிட வேண்டும். வெறும் உவரில் ஜிப்சம் போடுவது உப்பு நிலத்தில் இன்னொரு உப்பைக் கொட்டுவது. கடைக்காரருக்கு மூட்டை போகும், உங்களுக்குப் பணம் போகும். உங்கள் மண் கெட்டிக் களி என்பதால் இரண்டும் கலந்திருக்க வாய்ப்புண்டு. சோதனை செய்யாமல் ஒரு மூட்டைகூட வாங்காதீர்கள்.

கடைமடையான்

நடப்புச் சம்பாவுக்கு ஏதாவது செய்ய முடியுமா ஐயா? அந்த மூலையில் இப்போது பாதி சொட்டையாக இருக்கிறது.

பழைய மண்வெட்டி

நேரடி விதைப்பில் பயிர் மூன்றிலைப் பருவத்தை மண்ணிலேயே கடக்க வேண்டியிருக்கிறது. நெல்லுக்கு அதுதான் மிக மோசமான பருவம், அடுத்தது பூக்கும் பருவம். வயலின் நல்ல பகுதியில் நெருக்கமாக இருக்கும் இடத்திலிருந்து முற்றிய நாற்றைக் கலைத்து எடுத்துச் சொட்டையில் நடுங்கள், குத்துக்கு நான்கைந்து வைத்து. மழை பெய்து தண்ணீர் நிற்கும்போது நட வேண்டும், வயல் காய்ந்து கிடக்கும்போது நடவு கூடாது. நட்ட பிறகு தண்ணீரைக் கட்டியே வைத்திருக்காமல் வடித்துப் புதுத் தண்ணீர் விடுங்கள். அடுத்த ஆண்டு அந்த இரண்டு மாவை மட்டும் நாற்றங்கால் விட்டு நடவாகச் செய்யுங்கள்.

வரப்பை உள்பக்கம் அண்டை வெட்டி, களிமண் வைத்து மெத்தி உயர்த்துங்கள். வரப்பை ஒட்டி உள்ளே ஒரு சிறு வாய்க்கால் எடுத்தால் கசிவு அதிலேயே நின்றுவிடும். அறுவடைக்குப் பிறகு நிலத்தைச் சும்மா போடாதீர்கள். கோடையில் அடியிலுள்ள உப்புநீர் மண் வழியே மேலேறிக் காய்ந்து உப்பை மேலே விட்டுப் போகிறது. நீங்கள் காலையில் பார்க்கும் வெள்ளை அதுதான். ஓர் உழவு ஓட்டிவிட்டால் அந்த ஏற்றம் அறுபடும். முதல் மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள், அது ஓரளவு உப்பும் தாங்கும்.

குடந்தைச் சந்தேகி

நெல் எவ்வளவு வரை தாங்கும் என்று ஒரு எண் சொல்லுங்களேன்.

பழைய மண்வெட்டி

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, மின்கடத்துதிறன் 3 வரை விளைச்சல் குறையாது. அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் நூற்றுக்குப் பன்னிரண்டு போல் குறையும். 8 என்றால் பாதிக்கு மேல் போய்விட்டது. கடல்நீர் ஏறத்தாழ 50. உமரி அந்த ஐம்பதிலும் உயிரோடு நிற்கும். ஆனால் நாற்பது மூட்டை கொடுக்காது.

கடைமடையான்

மண் எடுத்து அனுப்பிவிடுகிறேன். மூலையில் மட்டும் எடுத்தால் போதுமா?

பழைய மண்வெட்டி

மூலையில் ஒன்று, நல்ல பயிர் நிற்கும் இடத்தில் ஒன்று, இரண்டையும் கலக்காமல் தனித்தனிப் பையில். மேலே பூத்திருக்கும் வெள்ளையைச் சுரண்டி ஒதுக்கிவிட்டு, ஆங்கில வி எழுத்துப்போல் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து அரை அடி ஆழம் வரை ஒரே சீராகச் சீவி எடுங்கள். அதற்கும் கீழே ஓர் அடி வரை இன்னொரு மாதிரி. உரச் சாக்கில் போடாதீர்கள், சாக்கில் ஒட்டியிருக்கும் உரமே கணக்கைக் கெடுத்துவிடும். மின்கடத்துதிறன், கார அமில நிலை இரண்டும் வேண்டும் என்று படிவத்தில் எழுதுங்கள். கார அமில நிலை எட்டரைக்கு மேல் இருந்தால் மட்டும் ஜிப்சம் பேசலாம். எவ்வளவு தேவை என்பதை ஆய்வகமே கணக்கிட்டுத் தரும். வடிகால் தண்ணீரையும் ஒரு புட்டியில், ஓதம் ஏறும் நேரத்தில் பிடித்து அனுப்புங்கள்.